நஸப்: பிள்ளைக்குத் தந்தையைத் தந்த சட்டங்கள்

மக்கா வெற்றி கொள்ளப்பட்ட ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் ஒரு சிறுவனைக் குறித்த வழக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுன் வந்தது. ஸம்ஆ என்ற குறைஷியரின் அடிமைப் பெண் பெற்ற பிள்ளை அவன். அவன் தம் சகோதரன் உத்பாவுக்குப் பிறந்தவன் என்றும், உத்பா இறக்குமுன் அதைத் தம்மிடம் சொல்லிப் பொறுப்பை ஒப்படைத்தான் என்றும் ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் வாதிட்டார்கள். ஸம்ஆவின் மகன் அப்து (ரலி) அவர்களோ, தம் தந்தையின் படுக்கையில் பிறந்த அப்பிள்ளை தம் தம்பியே என்றார்கள். நபியவர்கள் சிறுவனைப் பார்த்தார்கள். உத்பாவின் சாயல் அவனிடம் தெளிவாகத் தெரிந்தது. ஆயினும் அவன் அப்துவின் தம்பி, ஸம்ஆவின் மகன் என்றே தீர்ப்பளித்தார்கள். பிள்ளை படுக்கைக்குரியவருக்கே என்ற விதி அன்று நிலைபெற்றது. அத்தோடு இன்னொன்றும் நடந்தது. ஸம்ஆவின் மகளும் நபியவர்களின் துணைவியாருமான அன்னை ஸவ்தா (ரலி) அவர்களை, அச்சிறுவனிடம் திரை பேணிக்கொள்ளுமாறு பணித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெறும் நிகழ்ச்சி இது.

இத்தீர்ப்பில் இரண்டு உண்மைகள் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. கண் கண்ட சாயல் ஒன்று. சட்டம் தந்த தந்தை மற்றொன்று. சாயல் மறுக்கப்படவில்லை, திரை பேணும் அளவில் அதற்கு மதிப்பளிக்கப்பட்டது. ஆனால் பிள்ளையின் பெயரும் குடும்பமும் சொத்துரிமையும் அதன்மீது கட்டப்படவில்லை. மரபணுச் சோதனை வந்த பிறகு நீதிமன்றங்கள் தடுமாறிக்கொண்டிருக்கும் கேள்வி, அச்சோதனைக்குப் பதின்மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு சிறுவனை நடுவில் நிறுத்திக் கேட்கப்பட்டுவிட்டது. ஒருவனுடைய தந்தை யார் என்பது இரத்தத்தால் அறியப்படுவதா, சட்டத்தால் நிறுவப்படுவதா? இரண்டும் முரண்பட்டால் இழப்பு யாருக்கு? இக்கேள்விக்கு ஃபுகஹாக்களும் பின்வந்த சட்டமன்றங்களும் தந்த விடைகளின் வரலாற்றில் ஒரு பகுதியையே இங்குப் பார்க்கிறோம்.

ஃபிராஷும் இக்ராரும்

நஸப் என்னும் சொல்லை வம்சம் என்று மட்டும் பெயர்த்தால் பொருள் குறைபடும். பெயர், காப்பு, பராமரிப்பு, திருமணத் தடை, வாரிசுரிமை ஆகிய அனைத்தையும் தாங்கும் தூண் அது. அறியாமைக் காலத்து அரபிகள் வளர்ப்புப் பிள்ளைக்குத் தம் பெயரைச் சூட்டினர். ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களும் ஒரு காலத்தில் முஹம்மதின் மகன் ஸைத் என்றே அழைக்கப்பட்டார்கள். அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் அவ்வழக்கத்தை நிறுத்தி, பிள்ளைகளை அவரவர் தந்தையரின் பெயராலேயே அழைக்கப் பணித்தது. தந்தை யாரெனத் தெரியாதவர்களை மார்க்கச் சகோதரர்களாகவும் நேசர்களாகவும் கொள்ளச் சொன்னதும் அதே வசனந்தான். தந்தை தெரியாதவனுக்கும் சமூகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கிய அந்தப் பின்பகுதியை நாம் அதிகம் எடுத்துரைப்பதில்லை.

நஸபை நிறுவ ஃபிக்ஹு நூல்கள் கூறும் முதல் வழி ஃபிராஷ், அதாவது திருமண உறவு. முறையான மணவாழ்வில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் ஒப்புதல் தேவையில்லை, சாட்சியும் தேவையில்லை. ஹனஃபி மத்ஹப் இதில் வெகுதூரம் சென்றது. கணவர் கிழக்கிலும் மனைவி மேற்கிலும் இருந்து, இருவரும் சந்தித்ததாகவே தெரியாவிட்டாலும், நிகாஹ் நடந்து ஆறு மாதத்திற்குக் குறையாமல் பிறந்த பிள்ளை கணவருடையதே என்றது. ஷாஃபிஈ மத்ஹபோ கூடியிருக்கும் வாய்ப்பு வேண்டும் என்றது. கடலோரத்தில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளுமாக வாழும் நம் தமிழகத்தில், கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் வணிகத்திற்குப் போனவர்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பாதிருந்த காலத்தில், இவை வெறும் ஏட்டுக் கேள்விகளாக இருந்திருக்க முடியாது.

இரண்டாவது வழி இக்ரார், தந்தையின் ஒப்புதல். ஒருவர் ஒரு பிள்ளையைச் சுட்டி இவன் என் மகன் என்று கூறினால் நஸப் நிலைபெற்றுவிடுகிறது. நிபந்தனைகள் சிலவே. அப்பிள்ளை மஜ்ஹூலுந் நஸபாக, தந்தை யாரென அறியப்படாதவனாக, இருக்க வேண்டும். இருவருக்கும் தந்தை மகன் என்று நம்பத்தக்க வயது வேறுபாடு இருக்க வேண்டும். விவரமறிந்த வயதினனாயின் அவனும் இசைய வேண்டும். விபசாரத்தில் பிறந்தவன் என்று அவர் தம் வாயால் சொல்லியிருக்கக் கூடாது. வயது வேறுபாட்டைப் பன்னிரண்டரை ஆண்டு என்று நூல்கள் கணக்கிடும் இடம் வரும்போது மாணவர்கள் புன்னகைப்பதுண்டு. அந்தக் கணக்கை எழுதியவர்களின் நோக்கம் பிள்ளையை வடிகட்டுவதன்று. இவ்வளவு குறைந்த எல்லை போதும் என்று கதவை அகலத் திறந்து வைப்பதே அவர்களுடைய நோக்கம்.

இக்ராரில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, காழி காரணம் கேட்பதில்லை. எந்த நிகாஹ், எப்போது, யார் சாட்சி என்று துருவுவதில்லை. இரண்டாவது, ஒருமுறை சொன்ன ஒப்புதலைத் திரும்பப் பெற முடியாது. கடன் ஒப்புதலைக் கடன் கொடுத்தவர் தள்ளுபடி செய்யலாம். நஸபோ பிள்ளையின் உரிமையாகவும் இறைவனின் உரிமையாகவும் கருதப்பட்டதால், சொன்னவர் நினைத்தாலும் அது கலையாது.

கண்டெடுக்கப்பட்ட குழந்தையாகிய லகீத் பற்றிய பாடமும் இதே மனப்போக்கில் அமைந்ததே. அபூ ஜமீலா என்பவர் எடுத்துவந்த குழந்தையைக் குறித்து கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அது சுதந்திரப் பிள்ளை, அதன் செலவு பைத்துல்மாலைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தார்கள். அத்தகைய குழந்தையை ஒருவர் தம்முடையது என்று உரிமை கோரினால், அவர் சொல் ஒன்றே போதும் என்பது ஹனஃபிகளின் நிலை. ஆதாரம் கேட்பதே பொது விதியாயினும், பிள்ளைக்கு நன்மை என்பதால் இங்கு விலக்கு என்று அவர்கள் காரணம் காட்டினர்.

இவ்வளவு அகலமான கதவிலும் ஒரு பக்கம் அடைத்தே இருந்தது. விபசாரத்தில் பிறந்தது என்று வெளிப்பட்டுவிட்ட பிள்ளைக்கு நான்கு மத்ஹபுகளும் தந்தைவழி நஸபைத் தரவில்லை. தாயோடும் தாயின் உறவினரோடும் மட்டுமே அதற்கு வாரிசுத் தொடர்பு. தாய் வேறொருவரின் மனைவியாக இல்லாதபோது, தன் பிள்ளை என்று கூறும் ஆணிடம் அதைச் சேர்க்கலாம் என்று இஸ்ஹாக் பின் ராஹவைஹி (ரஹ்) போன்ற முன்னோர் சிலர் கருதினர். இப்னு தைமிய்யா (ரஹ்), இப்னுல் கய்யிம் (ரஹ்) ஆகியோர் அக்கருத்தை ஆதரித்தனர். எனினும் காழிகளின் மன்றங்களில் பெரும்பான்மைக் கருத்தே நிலவியது. அதன் கடுமையைத் தணித்தது இக்ரார் பற்றிய அந்த மௌனம். கேட்காததால் பல குழந்தைகள் தந்தையைப் பெற்றன.

கருவின் காலம்

கரு சுமத்தலுக்கும் பால்குடி மறத்தலுக்கும் சேர்த்து முப்பது மாதம் என்கிறது அல்அஹ்காஃப் அத்தியாயத்தின் 15ஆம் வசனம். பாலூட்டும் காலம் இரண்டு ஆண்டு என்கிறது அல்பகராவின் 233ஆம் வசனம். கழித்தால் எஞ்சுவது ஆறு மாதம். மணமாகி ஆறு மாதத்தில் பிள்ளை பெற்ற ஒரு பெண்மீது குற்றம் சாட்டப்பட்டபோது, இக்கணக்கை எடுத்துக்காட்டியவர்கள் அலீ (ரலி) அவர்கள் என்றும், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் என்றும் அறிவிப்புகள் வருகின்றன. கருவின் குறைந்த காலம் ஆறு மாதம் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடில்லை.

நீண்ட காலம் எது என்பதில்தான் வேறுபாடு. ஹனஃபிகள் இரண்டு ஆண்டு என்றனர். ஷாஃபிஈகள் நான்கு என்றனர். மாலிகிகளிடையே ஐந்து என்றும் ஒரு கருத்துண்டு. இப்னு ஹஸ்ம் (ரஹ்) மட்டும் ஒன்பது மாதத்திற்குமேல் ஒரு நாளும் இல்லை என்றார். மக்ரிப் நாடுகளில், கரு தாயின் வயிற்றில் ஆண்டுக்கணக்கில் உறங்கிவிடும் என்ற நம்பிக்கை மக்களிடையே வேரூன்றியிருந்தது. இன்றைய மருத்துவ அறிவோடு பார்த்தால் இவற்றைக் கேலி செய்வது எளிது. ஆனால் இரண்டு ஆண்டு, நான்கு ஆண்டு என்ற எல்லைகள் நடைமுறையில் என்ன செய்தன என்று பார்க்க வேண்டும். கணவரை இழந்து பதினைந்து மாதத்தில் பிள்ளை பெற்ற கைம்பெண் தண்டனையிலிருந்து தப்பினாள். பிள்ளைக்கு இறந்தவரின் பெயரும் பங்கும் கிடைத்தன. நூலாசிரியர்கள் இந்த விளைவை எண்ணித்தான் எழுதினர் என்று நான் கூற மாட்டேன். தாம் கேட்ட செய்திகளை நம்பியே எழுதினர். ஆனால் ஐயத்தின் பலனைத் தாய்க்கும் பிள்ளைக்கும் தருவது என்ற பெருவிதியோடு அது பொருந்திப் போனது.

எகிப்து 1929இல் இச்சிக்கலைத் தீர்த்த முறை நுட்பமானது. அவ்வாண்டின் 25ஆம் எண் சட்டத்தின் 15ஆம் பிரிவு, மணமுறிவுக்கோ கணவரின் இறப்புக்கோ பின் ஓராண்டுக்கு மேல் சென்று பிறந்த பிள்ளைக்கான நஸப் வழக்கு, மறுப்பு எழுமாயின், விசாரணைக்கு ஏற்கப்படாது என்றது. இமாம்களின் கருத்து தவறு என்று அச்சட்டம் கூறவில்லை. வழக்கைக் கேட்க மாட்டோம் என்று மட்டுமே கூறியது. காழியின் அதிகார வரம்பைக் குறுக்குவது ஆட்சியாளரின் உரிமை என்ற பழைய விதியைக் கொண்டே புதிய எல்லை வரையப்பட்டது. கணவரும் மனைவியும் நிகாஹுக்குப் பின் சந்திக்கவே இல்லை என்பது உறுதியானால் அங்கும் வழக்கு ஏற்கப்படாது என்றதன் மூலம், கிழக்கு மேற்குப் பிரச்சினையில் ஹனஃபிகளை விட்டு மற்ற இமாம்களின் பக்கம் அச்சட்டம் சென்றது.

இந்தியாவில் வந்த எண்

எகிப்தில் மார்க்க அறிஞர்களின் மொழியிலேயே நடந்த மாற்றம், இந்தியாவில் அரை நூற்றாண்டுக்கு முன்பே வேறு மொழியில் நடந்துவிட்டது. வாரிசுரிமை, திருமணம் முதலியவற்றில் முஸ்லிம்களுக்குக் குர்ஆனின் சட்டமே பொருந்தும் என்று 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்தார். ஆங்கில நீதிபதிகளுக்கு மௌலவிகள் அருகிலிருந்து சட்டம் கூறினர். ஹிதாயாவைச் சார்லஸ் ஹாமில்டன் 1791இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதுவும் அரபு மூலத்திலிருந்தன்று, பாரசீகப் பெயர்ப்பிலிருந்து. 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் மௌலவிகளின் அப்பதவியை ஒழித்தது. அதன்பின் ஆங்கிலப் பெயர்ப்புகளும் முந்தைய தீர்ப்புகளுமே சட்டமாயின.

1872இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த இந்தியச் சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 112ஆம் பிரிவு, முறையான திருமணம் நீடிக்கையிலோ, அது முறிந்து தாய் மறுமணம் செய்யாத நிலையில் 280 நாள்களுக்குள்ளோ பிறந்தவர் அந்தக் கணவரின் முறையான மகன் என்பதற்கு அதுவே முடிவான சான்று என்றது. அக்காலத்தில் கணவனும் மனைவியும் கூடும் வாய்ப்பே இருக்கவில்லை என்று மெய்ப்பித்தால் மட்டும் விலக்கு. சட்டங்களில் காணப்படாத சாட்சிய விதிகள் அனைத்தும் நீக்கப்பட்டன என்று அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தது.

இரண்டையும் அருகில் வைத்துப் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். 112ஆம் பிரிவின்படி, திருமணத்தின் மறுநாள் பிறந்த பிள்ளையும் கணவருடையதே. ஷரீஅத்தில் ஆறு மாதத்திற்குமுன் பிறந்தது, கணவர் தம்முடையது என ஏற்றாலன்றி, அவருடையதாகாது. மறுபுறம், மணமுறிவுக்குப்பின் 281ஆம் நாள் பிறந்த பிள்ளைக்கு 112ஆம் பிரிவின் காப்பு இல்லை. ஹனஃபி நூல்களில் அதற்கு இன்னும் ஓராண்டுக்குமேல் அவகாசம் உண்டு. மணவாழ்வின் வாசலில் ஆங்கிலச் சட்டம் தாராளமாக இருந்தது. அது முடியும் இடத்தில் ஃபிக்ஹு தாராளமாக இருந்தது. எது முஸ்லிம்களுக்குப் பொருந்தும்? நஸபின் கால எல்லைகள் சாட்சிய விதிகளா, மார்க்கச் சட்டத்தின் உள்ளடக்கமா? அலகாபாத் உயர்நீதிமன்றம் 1926இல், 112ஆம் பிரிவே முஸ்லிம்களையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது.

இக்ராரின் கதை வேறு. அதைக் காத்தவர் சர் ஸய்யித் அஹ்மத் கானின் மகன் ஸய்யித் மஹ்மூத். கேம்பிரிட்ஜில் பயின்று, அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதியானவர். அரபு மூலங்களைத் தாமே படித்துத் தீர்ப்பெழுதியவர். 1888இல் அல்லாஹ்தாத் கான் வழக்கு அங்கு வந்தது. வாதி தம்மை இறந்தவரின் மகன் என்றார். இறந்தவரை மணக்குமுன் தாய் பெற்ற பிள்ளை அவர் என்றனர் எதிர்த்தரப்பினர். தாயின் திருமணம் எப்போது நடந்தது என்பது தெளிவாகவில்லை. வேறொருவர் தந்தை என்பதும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் இறந்தவர் அவரைத் தம் மகனாக ஏற்றிருந்தார். மஹ்மூத் எடுத்த நிலை இதுதான்: இக்ரார் என்பது சாட்சிய விதியன்று, வாரிசுரிமையோடும் திருமணத்தோடும் பிணைந்த மார்க்கச் சட்டத்தின் உறுப்பு. ஆகவே 1872ஆம் சட்டம் அதை நீக்கவில்லை. வாதி மகனானார். நம் நாட்டு நீதித்துறை வரலாற்றில் ஒரு ஃபகீஹின் மனத்தோடு எழுதப்பட்ட தீர்ப்புகளுள் ஒன்றாக அதனைச் சொல்ல வேண்டும். மஹ்மூத் 1893இல் பதவி விலகி, 1903இல் மறைந்தார்.

ஆனால் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வேறு வழியில் சென்றது. முறையற்ற பிள்ளை என மெய்ப்பிக்கப்பட்டவரை எந்த ஒப்புதலும் முறையானவராக்காது என்று 1916இல் கூறியது. போக்ரா நவாபின் சொத்து வழக்கில் 1921இல் அதையே விரித்துரைத்தது. ஒப்புதல் என்பது தாய்க்கும் தந்தைக்கும் நிகாஹ் நடந்திருக்கும் என்ற அனுமானத்தை மட்டுமே தரும், நிகாஹ் நடக்கவில்லை என்று காட்டினால் அனுமானம் வீழும், பிள்ளையும் வீழும்.

எழுத்தளவில் இது ஃபிக்ஹுக்கு முரணன்று என்று கூறுவோர் உண்டு. விபசாரத்தில் பிறந்த பிள்ளைக்கு நஸப் இல்லை என்பது நூல்களிலும் உள்ளதே என்பது அவர்கள் வாதம். ஆனால் வழக்கு நடைமுறையில் இரண்டுக்கும் பெரும் இடைவெளி இருந்தது. ஒன்று நடக்கவில்லை என்பதற்கான சாட்சியத்தை ஹனஃபி காழி பொதுவாக ஏற்பதில்லை. நிகாஹ் நடக்கவில்லை என்று யார் எப்படிச் சாட்சி கூற முடியும்? தாம் அறியவில்லை என்று மட்டுமே கூறலாம். பிரிவி கவுன்சிலோ அந்த எதிர்மறைச் சாட்சியத்திற்கே வாசலைத் திறந்துவிட்டது. கேட்காதிருப்பதற்காக வகுக்கப்பட்ட விதி, கேட்டுத் துருவுவதற்கான தொடக்கமாகிவிட்டது. துருவியவர்கள் பெரும்பாலும் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒப்புதல் தந்த தந்தை மண்ணுக்குள் இருப்பார். பங்கு குறையும் என்றஞ்சும் மற்ற வாரிசுகள் நீதிமன்றத்தில் நிற்பார்கள்.

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் இந்நிலையை மாற்றவில்லை. அதன் 2ஆம் பிரிவில் வாரிசுரிமை, திருமணம், மஹர், பராமரிப்பு, காப்பாளர், வக்ஃபு எனப் பலவும் இருக்கின்றன. நஸப் என்ற சொல் இல்லை. மணமுறிவு வகைகளுள் ஒன்றாக லிஆன் இருக்கிறது. மனைவி பெற்ற பிள்ளையைக் கணவர் தம்முடையதன்று என மறுப்பதற்கு ஷரீஅத் வைத்திருந்த வழியே லிஆன். நான்கு சத்தியங்களையும் ஐந்தாவதாகச் சாபத்தையும் தாங்கிக்கொண்டுதான் அதைச் செய்ய முடியும். நம் சட்டத்தில் அது மணமுறிவுப் பட்டியலில் மட்டும் தங்கிவிட்டது.

பாகிஸ்தான் 1984இல் இயற்றிய கானூனே ஷஹாதத் ஆணையின் 128ஆம் பிரிவில் ஆறு சந்திர மாதமும் இரண்டு ஆண்டும் திரும்ப வந்தன. ஆனால் கணவர் பிள்ளையை ஏற்க மறுத்திருந்தால் அல்லது மறுத்தால் இவ்விதி பொருந்தாது என்று ஒரு விலக்கும் சேர்க்கப்பட்டது. எந்தச் சத்தியமும் இன்றி, ஆண்டுகள் பல கழித்தும் மறுக்கலாம் என்று சிலர் அதற்குப் பொருள் கொண்டனர். 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அப்பொருளை நிராகரித்து, ஃபிக்ஹின் வரம்புகளுக்குள் வைத்தே அவ்விலக்கைப் படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நூலின் எண்களை எடுத்துக்கொண்டு அதன் காவல்களை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

தந்தையின் கையெழுத்து

ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் இக்ராருக்கு இணையானது இல்லை. மணவாழ்வுக்கு வெளியே பிறந்தவன் யாருடைய மகனும் அல்லன் என்பதே அதன் பழைய கொள்கை. பெற்றோர் பின்னர் மணந்துகொண்டால் பிள்ளை முறையானதாகும் என்ற சலுகையே இங்கிலாந்தில் 1926இல்தான் சட்டமாயிற்று. அக்கொள்கையைப் பெற்றுக்கொண்ட அமெரிக்க மாநிலங்களில் குடும்பச் சட்டம் அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் பொறுப்பு. மணவாழ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளை மற்ற பிள்ளைகளிலிருந்து வேறுபடுத்துவதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1968 முதல் தடுக்கத் தொடங்கிய பின், மாநிலங்கள் ஏற்றுக்கொள்வதற்கான மாதிரிச் சட்டம் ஒன்று 1973இல் வரையப்பட்டது. பெற்றோரின் மணநிலை எதுவாயினும் பிள்ளைக்கு உரிமை ஒன்றே என்பது அதன் அடிப்படை.

பின்னர் 1993, 1996 ஆண்டுகளின் மத்தியச் சட்டங்கள், எல்லா மாநிலங்களும் ஓர் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தின. குழந்தை பிறந்த மருத்துவமனையிலேயே ஒரு படிவம் தரப்படும். இக்குழந்தை என்னுடையது என்று தந்தை அதில் கையெழுத்திட வேண்டும். தாயும் இட வேண்டும். அது நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பான வலிமை பெறும். 60 நாள்களுக்குள் திரும்பப் பெறலாம். அதன்பின் மோசடி, வற்புறுத்தல், உண்மையைத் தவறாக அறிந்திருத்தல் என்ற காரணங்களால் மட்டுமே எதிர்க்கலாம்.

ஹிதாயாவின் இக்ரார் பாடத்தை ஓதியவர்களுக்கு இது பழகிய முகமாகவே தோன்றும். விரிவான விசாரணை இல்லை, சொல் போதும், சொன்னபின் எளிதில் மீள முடியாது. நோக்கத்தில் வேறுபாடு உண்டு என்பதையும் மறைக்கலாகாது. அரசு தரும் குழந்தை உதவித்தொகையைத் தந்தையிடமிருந்து மீட்க வேண்டும் என்ற வரவு செலவுக் கவலையே 1996ஆம் சட்டத்தைப் பெரிதும் உந்தியது. இன்னொரு வேறுபாடு, அப்படிவம் மணவாழ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்காகவே வகுக்கப்பட்டது. ஃபிக்ஹு மௌனத்தால் மறைத்ததை அது வெளிப்படையாகவே ஏற்றுக்கொள்கிறது. அதை நாம் ஏற்க இயலாது. ஆயினும் ஒருவரின் ஒப்புதலைப் பிள்ளையின் கையில் தரப்பட்ட உரிமைப் பத்திரமாகக் கருதும் சிந்தனை இரண்டிலும் ஒன்றே.

காலடியும் மரபணுவும்

சாயலை ஷரீஅத் முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை என்பதற்கு முஜஸ்ஸிஸ் அல்முத்லிஜியின் நிகழ்ச்சி சான்று. ஸைத் (ரலி) அவர்களும் அவர்களின் மகன் உஸாமா (ரலி) அவர்களும் போர்வைக்குள் உறங்க, கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நிறத்தில் வேறுபட்ட அக்கால்களைக் கண்ட முஜஸ்ஸிஸ், இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்றார். உஸாமாவின் நிறத்தைக் காட்டி மக்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. நபியவர்கள் முகமலர்ச்சியோடு அதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கூறினார்கள். இதைக்கொண்டே மாலிக், ஷாஃபிஈ, அஹ்மத் (ரஹ்) ஆகியோர் சாயலறியும் கியாஃபாவை வழக்குகளில் ஏற்றனர், ஹனஃபிகள் ஏற்கவில்லை. ஏற்றவர்களும், உரிமை கோருவோர் இருவராகி, ஃபிராஷ் தெளிவற்றிருக்கும் இடத்தில் மட்டுமே ஏற்றனர். நிலைபெற்ற நஸபைக் கலைக்க அதைப் பயன்படுத்தவில்லை. தன் மனைவி கருநிறப் பிள்ளை பெற்றாள் என்று ஐயத்தோடு வந்த ஃபஸாரா குலத்தவரிடம், உம் செந்நிற ஒட்டகங்களிடையே சாம்பல் நிறக் குட்டி எப்படிப் பிறந்தது என்று நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஏதோ ஒரு முன்னோரின் நரம்பு இழுத்திருக்கலாம் என்று அவரே விடை கூறினார். இங்கும் அப்படியே இருக்கலாம் என்று அவரை அனுப்பிவைத்தார்கள்.

2002 ஜனவரியில் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹுப் பேரவை, தன் 16ஆம் அமர்வில் இப்பாகுபாட்டையே மரபணுச் சோதனைக்கும் பொருத்தியது. தந்தை யாரெனத் தெரியாத பிள்ளையைப் பற்றிய போட்டியிலும், மருத்துவமனையில் குழந்தைகள் மாறிப்போன ஐயத்திலும், போரிலும் விபத்திலும் அதைப் பயன்படுத்தலாம். நஸபை மறுப்பதற்கு அதை மட்டும் நம்பவும், லிஆனைவிட அதை முன்வைக்கவும் கூடாது. நிலைபெற்ற நஸபைச் சரிபார்த்துக்கொள்ளவும் அதை நாடக் கூடாது. துனிசியா 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறொரு நடுவழியைத் தேடியது. சோதனையால் அறியப்பட்ட தந்தையின் குடும்பப் பெயரும் பராமரிப்பும் பிள்ளைக்கு உண்டு. வாரிசுரிமை தரும் நஸப் இல்லை. அல்ஜீரியா 2005இல் தன் குடும்பச் சட்டத்தைத் திருத்தி, நஸபை நிறுவ அறிவியல் வழிகளை நாட நீதிபதிக்கு அனுமதி தந்தது.

இந்திய நீதிமன்றங்களின் பாதை நேரானதன்று. இரத்தப் பரிசோதனையை வழக்கமான ஒன்றாக ஆணையிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993இல் எச்சரித்தது. மரபணு முடிவு எதிராக இருந்தாலும், கூடும் வாய்ப்பு இருந்ததெனில் 112ஆம் பிரிவின் முடிவு மாறாது என்று 2001இல் கூறியது. 2014இல் திசை திரும்பியது. சோதனை முடிவு ஏற்கெனவே கையில் இருந்த ஒரு பராமரிப்பு வழக்கில், அறிவியல் உண்மைக்கு முன் சட்ட அனுமானம் விலக வேண்டும் என்றது. 2023இல் மீண்டும், மணமுறிவு வழக்கில் மனைவியின் ஒழுக்கத்தை மெய்ப்பிப்பதற்காகப் பிள்ளையைச் சோதனைக்கு உட்படுத்த மறுத்தது. பெற்றோர் போரிடும்போது பிள்ளையைக் கருவியாக்கக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2025 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கில், முறையான மணவாழ்வில் பிறந்தவருக்குக் கணவரே சட்டப்படித் தந்தை. கூடும் வாய்ப்பே இருக்கவில்லை என்று மெய்ப்பித்தாலன்றி அது மாறாது. வேறொருவரைச் சோதனைக்கு அழைக்க முடியாது என்று உறுதி செய்தது.

இவ்வகையில் மிகக் கூர்மையான தீர்ப்பு 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வந்தது. கலிபோர்னியாவில் கணவரோடு வாழ்ந்த ஒரு பெண்ணின் குழந்தையைத் தம்முடையது என்று மற்றொருவர் கோரினார். அவரே தந்தை என்பதற்கு இரத்தப் பரிசோதனை 98.07 விழுக்காடு வாய்ப்புக் காட்டியது. கணவருடைய பிள்ளை என்பதே அம்மாநிலச் சட்டம். நீதிபதிகள் 5க்கு 4 என்ற கணக்கில் அச்சட்டத்தை நிலைநிறுத்தினர். ஸஅத் (ரலி) அவர்களும் அப்து (ரலி) அவர்களும் வாதிட்ட வழக்கும் இதுவும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கின்றன. ஒரு வேறுபாடு: அமெரிக்க நீதிமன்றம் அந்த எண்ணுக்கு எந்த விளைவையும் தரவில்லை, நபியவர்களின் நீதி, சாயலுக்கும் ஒரு திரையளவு இடம் தந்தது.

இந்தியச் சாட்சியச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நீங்கி, பாரதிய சாக்ஷிய அதிநியம் அதன் இடத்திற்கு வந்தது. பழைய 112ஆம் பிரிவு இப்போது 116ஆம் பிரிவு. முறையான மகன் என்றிருந்தது முறையான குழந்தை என்றாயிற்று. இவ்வளவு காலமும் மகள்களும் மகன் என்ற சொல்லுக்குள்தான் காப்புப் பெற்றிருந்தனர். 280 நாள் அப்படியே இருக்கிறது. இக்ரார் பற்றி அதிலும் ஒரு சொல் இல்லை. 1888இல் மஹ்மூத் எழுதியதும் 1921இல் பிரிவி கவுன்சில் எழுதியதும் இன்றும் நம் வழக்கறிஞர்களின் மேசைமேல் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.